இருசும் ஜாக்கியும்

வண்டி அச்சுக்கு நம் பக்கத்தில் இருசு என்று பெயர். இன்றைய பிள்ளைகளிடம் இருசு என்றால், இருசப்பன், இருசாயி மாதிரி ஏதோ ஆள் பெயர் என்றுதான் நினைப்பார்கள். என் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். இரண்டு சக்கரத்தின் குடங்களுக்குள்ளும் நுழைந்து, மொத்தப் பாரத்தையும் தன் மேல் வாங்கிக்கொள்ளும் இரும்பு அது. அது பதிந்திருக்கும் மரம் இருசுக்கட்டை. முனையில் சக்கரம் கழன்று ஓடாமல் காக்கக் கடையாணி. அவ்வளவுதான் ஒரு மாட்டு வண்டியின் சூட்சுமம்.

நான் 34 வருஷம் பஸ் பணிமனையில் வேலை பார்த்தவன். கையில் பட்ட அச்சுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் பாரத்தைத் தூக்கும் பாடத்தை முதலில் பார்த்தது பணிமனையில் அல்ல, தம்மம்பட்டியில் எங்கள் வீட்டுக் களத்தில். அப்பாவிடம் ஒரு பார வண்டி இருந்தது. குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். சில நாளைக்கு ஒரு தடவை இருசுக்கு மை போட வேண்டும். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துச் செய்யும் கறுப்பு மை. மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். மை போட வேண்டுமானால் சக்கரத்தைத் தரையிலிருந்து விரல்கடை அளவு கிளப்பி வெளியே இழுக்க வேண்டும்.

அதற்கு அப்பா செய்தது இதுதான். முதலில் மாட்டை அவிழ்த்துவிடுவார். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். ஒரு நீளமான கட்டையை இருசுக்கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்புவது பெரியப்பாவின் வேலை. நெம்பி வண்டி எழுந்ததும், அப்பா ஒரு முட்டுக்கட்டையை அடியில் தள்ளிவிடுவார். "விடுண்ணா" என்ற பிறகுதான் பெரியப்பா நெம்புகட்டையை விடுவார். பாரம் முட்டில் உட்காரும். அதற்குப் பிறகுதான் கடையாணியைக் கழற்றுவார்கள். தூக்குவது ஒன்று, தாங்குவது வேறொன்று. இரண்டையும் ஒரே கட்டையிடம் அவர்கள் ஒருநாளும் விட்டதில்லை. இத்தனைக்கும் அது காலி வண்டி.

இந்த அச்சு விஷயத்தில் நம் சேலம், தர்மபுரிச் சீமைக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்ந்து ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 102-ஆவதாக இருக்கிறது. தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. உப்பு விற்கப் போகும் உமணர்கள், மாடு இளசு, பாரம் பெரிசு, வழியில் மேடு எது பள்ளம் எது என்று யாருக்குத் தெரியும் என்று யோசித்து, வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். தகப்பனுக்குப் பின்னால் நீ அப்படி இருக்கிறாய் என்று மகனைச் சொல்கிறார் ஔவை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சமாசாரம். புலவர்கள் அதில் உவமை அழகைப் பார்ப்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனால் போதுமா? நடுக்காட்டில் உப்பு மூட்டையோடு நிற்கும் வண்டியைத் தூக்கி, உடைந்த அச்சை உருவி, புதியதை மாட்டவும் தெரிந்திருக்க வேண்டுமே. தூக்கவும் முட்டுக் கொடுக்கவும் உமணர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தச் சேம அச்சே சாட்சி.

இன்று லாரியில் சேம அச்சு கிடையாது, சேமச் சக்கரம்தான் உண்டு. அதை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது ஆங்கில அகராதியில் பிறந்த சொல் அல்ல. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904 வாக்கில் அங்கே இரண்டு சகோதரர்கள் மோட்டார் வண்டிக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்கு ஆகிவிட்டது. அந்த நாட்டுக்காரர்களே அந்தச் சொல்லை மறந்திருப்பார்கள். நம் டிரைவர்கள் மறக்கவில்லை.

வண்டியை விட்டுத் தேருக்கு வருவோம். அச்சைத் தூக்குவதில் நம்மவர்கள் கண்ட பெரிய பரீட்சை தேர்தான். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் என்பார்கள். 1948-க்குப் பிறகு அது ஓடாமலே நின்றது. 1970-ல் மறுபடி ஓடியபோது, இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்தவை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்த் தேர்களுக்கு அங்கிருந்து இரும்பு அச்சும் சக்கரமும் வந்துவிட்டன. ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. ஆனாலும் தேரோட்டத்தன்று பாருங்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடிவரும் ஆட்கள் இன்றைக்கும் உண்டு. பின்னால் சன்னை போட்டுத் தேரைக் கிளப்புபவர்கள் ஒரு கூட்டம், முன்னால் கட்டை போட்டு நிறுத்துபவர்கள் ஒரு கூட்டம். இங்கேயும் கிளப்புவது ஒருவர் வேலை, பிடித்து நிறுத்துவது இன்னொருவர் வேலை. கட்டை போடுவது பரம்பரை உரிமையாக வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அது வெறும் கௌரவம் அல்ல. கை பழகாதவன் போட்டால் அவன் கையே போய்விடும்.

இந்தப் பழக்கத்தைக் கெடுத்தது ஜாக்கி என்பது என் கட்சி. ஜாக்கி கெட்டது என்று சொல்லவில்லை. அது மிக நல்ல கருவி, அதுதான் தொல்லை.

அதன் கதை சுவாரஸ்யமானது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் பாஸ்கல் கண்டுசொன்னார். 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ் செய்து காப்புரிமை வாங்கினார். பூட்டும் கழிப்பறைத் தொட்டியும் செய்து பேர் வாங்கிய ஆள் அவர். 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டஜன் என்ற மெக்கானிக், அதையே கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சுருக்கினார். இன்று லாரி டிரைவர் சீட்டுக்கடியில் கிடக்கும் பாட்டில் ஜாக்கிக்கு அவர்தான் பாட்டன். சின்ன பிஸ்டனை விடப் பெரிய பிஸ்டன் இருபது மடங்கு பரப்பு இருந்தால், கொடுத்த பலம் இருபது மடங்காகும். கைப்பிடி நீளம் அதை இன்னும் பெருக்கும். பத்தாவது படிக்கும் பையன் ஒற்றைக் கையால் பத்து டன் தூக்கிவிடலாம்.

அதற்கு முன்னால் இருந்தது திருகு ஜாக்கி. 1862-ல் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்துவிட்டது. ரயில்வேக்காரர்களோடு கனமான ஜாக்கியும் நம் பக்கம் புழங்க ஆரம்பித்தது. அவர்களிடம் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. தடம் புரண்ட பெட்டியைத் தூக்கும்போது கூடவே சிலீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வருவார்கள். திருகு ஜாக்கியில் தூக்குவது மெதுவான வேலை. ஆகவே கட்டை அடுக்க நேரம் இருந்தது. எண்ணெய் ஜாக்கி வந்ததும் நாலு அழுத்தில் வண்டி எழுந்து நிற்கிறது. தூக்கிய கருவியே தாங்கியும் நிற்பதைப் பார்த்தால், எதற்கு இன்னொரு கட்டை என்று மனசு கேட்கிறது.

லாரிகள் நம் பக்கம் பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாட்டா, ஜெர்மனி பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி போட்டது. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் என்று இந்தச் சமவெளியே சக்கரத்தில் ஏறிக்கொண்டது. பெரிய கம்பெனி முதலாளிகள் குறைவு. நிலத்தை விற்று, நகையை வைத்து, ஒரு பழைய லாரி வாங்கி, தானே ஓட்டி, தானே பழுது பார்ப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வீட்டு வாசல்தான் பட்டறை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சிக்கனத்தில்தான் பல குடும்பங்கள் மேலே வந்தன.

ஆனால் பாரம் சிக்கனம் பார்ப்பதில்லை. இரண்டு அச்சு லாரிக்குச் சரக்கோடு சேர்த்து 16.2 டன் என்று இருந்த வரம்பு, 2018-ல் 18.5 டன் ஆனது. நாலு டயர் ஓடும் பின் அச்சு ஒன்றுக்கு மட்டும் 10.2 டன்னிலிருந்து 11.5 டன். காலி வண்டியிலும் பின்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கி மேல் டன் கணக்கில் உட்காரும். கழற்றி இறக்கிய ஹவுசிங், டிரம்மும் கிரவுனும் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் நிற்கும். அப்பாவின் இருசை ஒரு ஆள் தோளில் வைத்து நடப்பான்.

1980-களின் நடுவில் நடந்தது ஒன்று. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம், ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாம். எங்கள் தூரத்து உறவு. செகண்ட் ஹேண்ட் லாரி ஒன்று வைத்திருந்தார். பின் ஸ்பிரிங்கில் மெயின் பிளேட் உடைந்துபோக, வீட்டு முன்னாலேயே மாற்றிவிடலாம் என்று ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியிருக்கிறார். இரண்டு பக்கச் சக்கரமும் தரையை விட்டுவிட்டன. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. முட்டு வைக்கச் சொன்ன மச்சானிடம், "அஞ்சு நிமிஷ வேலை மாமா" என்று சொல்லிவிட்டு யூ போல்ட்டை இளக்க அடியில் போனார். போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு உதைத்திருக்கிறார். வண்டி முன்னால் ஒரு முழம் நகர்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துவிட்டிருந்தார்கள். அங்கே நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜாக்கி உடையவில்லை. ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. செம்மண்ணில் பாதி புதைந்து, சாய்ந்து கிடந்தது. எல்லோரும் விதி என்றார்கள், ஜாக்கி கெட்ட ஜாக்கி என்றார்கள். இரண்டும் இல்லை. லாரியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. கியரும் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். அந்தப் பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றுமே இல்லை. முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு கட்டை இல்லாததால் போனது ஓர் உயிர். மாட்டு வண்டிக்கு அப்பா மறக்காமல் வைத்த கல்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவர், லாரியின் பின் அச்சை வீட்டிலேயே இறக்கப்போவதாகச் சொல்லி என்னிடம் ஜாக்கி இரவல் கேட்டு வந்தார். "ஜாக்கி தர்றேன், அதோட பன்னெண்டு கட்டையும் தருவேன், எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். சிரித்தார். உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் பேரனோ மருமகனோ லாரியோ டிராக்டர் டிரெய்லரோ வைத்திருப்பான்.

இடம் சமதளமாக இருக்க வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் அகலமான கனத்த பலகை. தூக்காத அச்சின் சக்கரங்களுக்கு இருபக்கமும் ஆப்புக் கட்டை. உருண்டைக் கல் வேண்டாம், அதுவே உருளும். ஜாக்கித் தலைக்கும் வண்டி இரும்புக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு. இரும்பு மேல் இரும்பு வழுக்கும். ஒரு அங்குலம் தூக்கினால் ஒரு அங்குலம் கட்டை ஏற வேண்டும். சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கட்டையாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி வர வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் அது முட்டு இல்லை, பொம்மைக் கொலு. அடுக்கியதும் ஜாக்கியை இறக்கிப் பாரத்தைக் கட்டையில் உட்கார வைத்து, வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆடினால் மறுபடி முதலிலிருந்து.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. தம்பி என்னிடம் வாதாடியது இதற்குத்தான். "வீட்டையே தாங்குதுங்களே" என்றார். சுவரில் அது பரவலாகத் தாங்குகிறது. இங்கே ஒரு முனையில் மொத்தப் பாரமும் இறங்கும். அது உடையும்போது சொல்லாமல் உடையும். புளியங்கட்டையோ வேலங்கட்டையோ பிளப்பதற்கு முன் நசுங்கும், முனகும். ஆள் வெளியே வர அவகாசம் கொடுக்கும்.

அச்சு கழன்ற பிறகுதான் இன்னொரு கண்டம். ஹவுசிங்கின் மூக்கு, அதாவது கிரவுன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம், சட்டென்று கீழே சுழலும். போல்ட் இளகுவதற்கு முன்பே அதைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். சங்கிலியை நடுவில் ஒரே இடத்தில் போட்டுத் தூக்கினால் தராசு மாதிரி ஆடும்; ஸ்பிரிங் உட்காரும் இரண்டு இடத்திலும் போட வேண்டும். தரையில் நகர்த்த இரண்டு மூன்று ஜிஐ பைப் போதும், உருளை மேல் உருட்டிக்கொண்டு போகலாம். தள்ளுவது கடப்பாரை, கை அல்ல. சரிவு இருந்தால் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. திரும்ப மாட்டும்போது, ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் ஓட்டையில் விழுகிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எங்கள் பணிமனைக் காலத்தில் நுனி விரல் இல்லாத மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். கூர் நுனிக் கம்பி ஒன்று அதற்கு இருக்கிறது. கம்பி போனால் வேறு கம்பி.

கட்டைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்மம்பட்டிக்காரர்கள் அப்படிக் கேட்கலாமா? சாமி சிலையும் வாகனமும் கதவும் செதுக்கி நாலு திசைக்கும் அனுப்பும் ஊர் இது. பட்டறைகளில் வாகை மரத் துண்டுகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, நாலு உருட்டுக்கட்டை. பாதி டன் மரத்தைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். ஒருவன் நெம்புவான், ஒருவன் கட்டை சொருகுவான். சொருகுகிறவன்தான் "விடு" என்று சொல்வான். நெம்புகிறவன் தானாக விடமாட்டான். அவர்களில் யாரும் புறநானூறு படித்தவர்கள் அல்ல, என் அப்பாவைப் பார்த்தவர்களும் அல்ல.

இப்போது ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் ஹைட்ரா கிரேன் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. செயின் பிளாக்கும் முக்காலியும்கூட வாடகைக்குக் கிடைக்கின்றன. பணம் இருப்பவர்கள் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் கிரேனில் தொங்கும் அச்சுக்கு அடியிலும் தலையை நீட்டக் கூடாது. தம்பி கடைசியில் பன்னிரண்டு கட்டையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. வேறு யாருக்காவது தேவைப்பட்டால் அவர் வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.